கேன்டீன் படியும் நாற்பத்தாறு வீடுகளும்

யார் சொன்னதையும் மறப்பது சின்னவளுக்கு வாய்க்கவே இல்லை. குடையை பஸ்ஸில் விட்டுவிட்டு வருவாள், மதியம் சாப்பிட்டோமா என்று யோசிப்பாள். ஆனால் யார் எந்த நாளில் என்ன சொன்னார்கள் என்று கேட்டால், சொன்னவர் போட்டிருந்த சட்டையின் நிறத்தோடு சேர்த்துச் சொல்லிவிடுவாள். அவளைவிட ஆறு வயது மூத்த பெரியவள் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் தையல் கடைக்குப் போனவள். தங்கையைப் பற்றிப் பேச்சு வந்தால் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வாள்: "எங்க வீட்டுல எல்லாருக்கும் சேர்த்து அவளே ஞாபகம் வச்சுக்கிறா. அதனாலதான் எனக்குத் தலை இவ்வளவு லேசா இருக்கு."

அந்த ஞாபகத்திலேயே மிகக் கூரானது ஒரு வரி. "கட்டுமானக் குறைபாடு, நிலத்தில் அசைவு இல்லை." நிலக்கரிச் சுரங்கத்தின் சர்வேயர் ஒரு படிவத்தில் எழுதியது. அப்போது சின்னவளுக்குப் பன்னிரண்டு வயது.

அப்பா கொத்தனார். சுரங்கத்துக்கு நேர் மேலே இருந்த மூன்று தெருக்களில் நாற்பத்தாறு வீடுகள். அவற்றில் பத்தொன்பது அப்பாவின் கையால் எழுந்தவை. அந்தப் பத்தொன்பதில் ஒன்று, நான்கு வருஷம் விடுமுறை நாட்களில் மட்டும் கட்டிய சொந்த வீடு. தரைக்கு முந்நூறு அடி கீழே கரி வெட்டியவர்கள், மேற்கூரையைத் தாங்குவதற்காக விட்டுவைத்திருந்த கரித் தூண்களையும் கடைசியில் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு பின்வாங்கினார்கள். கீழே வெற்றிடம் உட்கார, மேலே தரை இறங்கியது. ஒரு நாள் காலையில் வாசல் கதவு சாத்தவில்லை. மறுவாரம் அடுப்படிச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். அப்பா விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்துப் பதித்து, பக்கத்தில் தேதி எழுதினார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். பத்தாம் நாள் உடைந்தது.

கம்பெனி சர்வேயர் வந்தார். முப்பத்திரண்டு வயது, இஸ்திரி கலையாத சட்டை. உடைந்த கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "வெயில்ல வெடிச்சிருக்கும்" என்றார். அப்பா விடவில்லை. தெருவே கூடி நிற்க, தரை இறங்குகிறதா இல்லையா என்று கேட்டார். சர்வேயர் தன் புத்தகத்தை மூடினார்.

"மேஸ்திரி, ரசமட்டம் பிடிக்கத் தெரியாம வீடு கட்டினா இப்படித்தான் ஆகும். பூமியைக் குத்தம் சொல்லாதீங்க."

நாலு பேர் சிரித்தார்கள். அப்பா கட்டிக் கொடுத்த வீட்டில் குடியிருந்தவர்களும் அதில் இருந்தார்கள். நாற்பத்தாறு வீட்டுக்கும் அதே வரியோடு படிவம் வந்தது. அதற்குப் பிறகு ஒருவரும் அப்பாவை வேலைக்குக் கூப்பிடவில்லை. தன் வீட்டுச் சுவரே பிளந்த கொத்தனாரிடம் யார் சுவர் வைக்கச் சொல்வார்கள்? வேறு ஊருக்குப் போய், தன்னிடம் தொழில் கற்றிருக்கக்கூடிய வயசுக்காரர்களுக்குச் சாந்துச் சட்டி சுமந்தார். பதினொரு வருஷம். கடைசிவரை எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் ஆட்களைப் பார்க்க மாட்டார், சுவரைத்தான் பார்ப்பார். பிறகு தன் உள்ளங்கையைப் பார்ப்பார். சாகும்போதும் அவருக்கு முழுசாகத் தெரியவில்லை, தப்பு தன்னுடையதா இல்லையா என்று.

சின்னவள் படித்தாள். எந்தப் படிப்பு படித்தால் எந்த நாற்காலியில் உட்காரலாம் என்று பார்த்துப் படித்தாள். சுற்றுச்சூழல் ஆய்வாளர் வேலைக்கான நேர்காணலில், ஏன் இந்த வேலை என்று கேட்டார்கள். "மண் மேலயும் தண்ணி மேலயும் அக்கறை" என்றாள். பொய்யில்லை. பாதியை மட்டும் சொன்னாள். வேலையில் சேர்ந்த இரண்டாம் வருஷமே அலுவலகத்தில் அவளுக்கு 'கமா' என்று பட்டப்பெயர் விழுந்துவிட்டது. அடுத்தவர் அறிக்கையில் ஒரு கமா இடம் மாறியிருந்தாலும் திருப்பி அனுப்புவாள்.

சர்வேயரும் வளர்ந்தார். சுரங்கம் மூடப்பட்டபோது நில மீட்பு மேலாளர் ஆனார். கெட்டுப்போன நிலத்தைச் சரிசெய்து, மண் பரப்பி, மரம் நட்டு ஊருக்குத் திருப்பித் தருகிற பொறுப்பு. மரக்கன்றும் கையுமாக அவர் படம் செய்தித்தாளில் வரும். அம்மா அந்தப் பக்கத்தைக் கவனமாகக் கிழித்துக் குப்பைக்கூடையின் அடியில் விரிப்பாள், முகம் மேலே வருகிற மாதிரி.

இருபத்தேழு வருஷம் கழித்து அந்தக் கோப்பு சின்னவளின் மேஜைக்கு வந்தது. நில மீட்பு முடிந்துவிட்டது, ஆய்வு செய்து முடிவுச் சான்று தரவும் என்று விண்ணப்பம். அடியில் சர்வேயரின் கையெழுத்து. அவர் ஓய்வு பெற இன்னும் இரண்டு மாதம். சான்று கிடைத்ததும் மீட்ட நிலத்தில் பூங்கா திறப்பார்கள், வாசலில் அவர் பெயரைக் கல்லில் வெட்டி வைப்பார்கள் என்றும் இணைப்பில் இருந்தது.

அவள் கோப்பை எடுத்துக்கொண்டு நேராக மேலதிகாரியின் அறைக்குப் போனாள்.

"சார், இதை எனக்குக் குடுக்காதீங்க. குடுத்தா ரொம்ப நல்லாப் பண்ணுவேன். அதான் பயமா இருக்கு."

"புரியற மாதிரி பேசும்மா."

"அந்த நாற்பத்தாறு வீட்டுல எங்க வீடும் ஒண்ணு."

மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "வேற யார் இருக்கா? ஒருத்தி பிரசவத்துக்குப் போயிருக்கா. இன்னொருத்தனுக்கு முதுகுல வலி, வயித்துல வலின்னு வாரத்துக்கு ஒரு வலி. நீ சொன்னதை எழுதிக் குடு, நான் தெரிஞ்சேதான் அனுப்புறேன்னு கையெழுத்துப் போடுறேன். ஆனா ஒண்ணு. உன் கோபத்துல ஒரு சொட்டு அந்த அறிக்கையில சிந்துச்சுன்னாலும் அவங்க வக்கீல் அதைப் பிடிச்சுக்கிட்டே கரையேறிடுவான். அப்புறம் உன்னையும் சேர்த்து என்னையும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"சிந்தாது சார்."

வீட்டில் அம்மா வேறு வழி வைத்திருந்தாள். "நட்ட செடியெல்லாம் பட்டுப் போச்சுன்னு எழுதிடு."

"பட்டுப் போகலயேம்மா."

"நீ எழுது. அப்புறம் படும்."

"அம்மா, செடி போனா அவன் வேற செடி நடுவான். எனக்கு அது போதாது. தரை இறங்குனது அவனுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சே சொன்னேன்னு அவன் வாயால வரணும்."

"வருமா?"

அம்மா பாத்திரத்தைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவினாள்.

முதல் நாள் ஆய்வில் சர்வேயரே வாசலில் நின்று வரவேற்றார். தலை நரைத்திருந்தது, சட்டை இஸ்திரி மட்டும் அப்படியே. அவளை அடையாளம் தெரியவில்லை. "வாங்க மேடம், பாருங்க மேடம்" என்று மூங்கில் குச்சியால் காட்டிக்கொண்டே நடந்தார். அறுபத்திரண்டு ஏக்கர். சுரங்கத்தின் வாயைக் கான்கிரீட் மூடிபோட்டு அடைத்திருந்தார்கள். கழிவு மேட்டைச் சரிவாக இழைத்து, மேல்மண் பரப்பிப் புல் வளர்த்திருந்தார்கள். நாற்பத்தாறு வீடுகள் இருந்த இடத்தில் இப்போது வரிசை வரிசையாக மரக்கன்றுகள். தன் வீட்டு அடுப்படி எந்தக் கன்றுக்குக் கீழே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கன்றையும் மற்றவற்றைப் போலவே எண்ணினாள்.

நூற்றுக்கு எண்பத்தேழு கன்று பிழைத்திருந்தது. விதிக்கு எண்பது போதும். இருபது இடத்தில் குழி தோண்டி மேல்மண்ணின் தடிமனை அளந்தாள். திட்டத்தில் சொன்னபடி முப்பது சென்டிமீட்டர், எங்கேயும் குறையவில்லை. விரிசல்களை நிரப்பியிருந்த விதமும் சரி. மூன்று நாள் முடிந்தபோது அவளுடைய படிவத்தில் எல்லாக் கட்டத்திலும் 'சரி' என்றே இருந்தது. அவள் கையே அதை எழுதியது. எழுதிய கையை உதற வேண்டும்போல் இருந்தது.

மூன்றாம் நாள் மாலை தண்ணீர் மாதிரி எடுத்த பாட்டில்களைக் காரில் அடுக்கும்போது ஒரு எண்ணம் வந்தது. பாட்டிலை ஐஸ் பெட்டிக்குள் வைக்காமல் பின்கண்ணாடி ஓரம், வெயிலில், இரண்டு மணி நேரம் வைத்தால் போதும். முடிவு கெட்டுப்போய் வரும். யாருக்கும் தெரியாது. அவள் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஐஸுக்குள் அழுத்தி மூடினாள். நேர்மை என்று யாராவது பாராட்டியிருந்தால் அவளுக்குச் சிரிப்பு வந்திருக்கும். பொய்யை வைத்து அவனைத் தள்ளினால், மறு சோதனை கேட்டு எழுந்து நடந்துவிடுவான். அவன் எழக்கூடாது. அவ்வளவுதான் அவள் கணக்கு.

நான்காம் நாள், எந்தப் படிவமும் கேட்காத ஒன்றைச் செய்தாள். மழைநீர் வாய்க்கால் ஓரமாகக் கீழ்முனைவரை குனிந்தபடியே நடந்தாள். நிலத்தில் விழும் மழை அந்த வாய்க்கால் வழியாகப் படிவுக் குட்டைக்குப் போக வேண்டும். மூடிய சுரங்கத்திலிருந்து கசிகிற தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து அந்தக் குட்டையில்தான் தெளிய விடுகிறார்கள். சுரங்கத் தண்ணீரில் இரும்பு அதிகம். பட்ட இடமெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் கறை பிடிக்கும். வாய்க்காலில் ஓடுவது மழைத் தண்ணீர்தானே, அதில் கறை வரக்கூடாது. ஆனால் குட்டை வாயிலிருந்து மேல்நோக்கி நூற்றைம்பது மீட்டர் தூரம், வாய்க்காலின் இரண்டு பக்கச் சிமென்டிலும், கணுக்கால் உயரத்தில் ஆரஞ்சுக் கோடு.

"இது என்ன சார்?"

"மண்ணோட நிறம் மேடம்."

அவள் பேனா மூடியால் சுரண்டினாள். துருப்பொடி வந்தது. "குட்டைத் தண்ணி வாய்க்கால்ல ஏறியிருக்கு."

சர்வேயர் பொறுமையாகச் சிரித்தார். "வாய்க்கால் முனை குட்டையோட நீர் மட்டத்தைவிட அரை மீட்டர் உசரம். நானே அளந்தது. தண்ணி மேல ஏறாது மேடம், அது பூமியோட சட்டம்."

"பூமிக்கு அது தெரிஞ்சா சரி. எங்கேர்ந்து அளந்தீங்க?"

"கேன்டீன் படியிலேர்ந்து. முப்பது வருஷமா எங்களுக்கு ஆதாரம் அதுதான்."

"குட்டை?"

"அது வேற ஒப்பந்தக்காரர் கட்டினது. அவங்க குன்றுப் பாறையிலேர்ந்து எடுத்திருப்பாங்க. ரெண்டும் ஒண்ணுதான்."

ரெண்டும் ஒண்ணுதான் என்று அவர் சொன்னபோது பார்வை அவளிடமிருந்து நழுவிக் குட்டைப் பக்கம் போனது. ஒரு விநாடிதான். சின்னவள் அதையும் குறித்துக்கொண்டாள்.

மட்டம் பார்க்கிறவர்களுக்கு அசையாத ஒரு புள்ளி வேண்டும். அதிலிருந்துதான் மற்ற எல்லா இடத்தின் உயரமும் கணக்காகும். அந்தச் சுரங்கத்துக்கு அரசு வெட்டி வைத்த புள்ளி, சுரங்க எல்லைக்கு வெளியே ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்துக் குன்றுப் பாறையில் இருந்தது. தினமும் அங்கே போய்த் தொடங்கினால் காலை முழுவதும் நடையிலேயே போய்விடும். அதனால் சர்வேயரும் ஆட்களும் ஒரே ஒரு முறை பாறையிலிருந்து மட்டம் கொண்டுவந்து, கேன்டீனின் கடைசிப் படியில் ஒரு பித்தளைக் குமிழைப் பதித்துக்கொண்டார்கள். அளவையும் தொடங்கலாம், டீயும் கைக்கு எட்டும். ஒரு விஷயத்தை மட்டும் மறந்துவிட்டார்கள். கேன்டீனும் அதே கரியின்மேல்தான் இருந்தது. அதன் கீழிருந்த தூண்களையும் எடுத்தார்கள். தெரு இறங்கும்போது படியும் கூடவே இறங்கியது. படியிலிருந்து தெருவை அளந்தால் எப்போதும் வித்தியாசம் இல்லை. எடைக்கல்லும் தேய்ந்து பொருளும் தேய்ந்தால் தராசு நேராகத்தானே நிற்கும்?

சின்னவள் அன்றே எழுத்தில் கேட்டாள்: சுரங்கம் தொடங்கியது முதல் இன்றுவரை உள்ள எல்லா மட்டப் புத்தகங்களும் வேண்டும். இரண்டு சாக்கில் முப்பத்தொரு புத்தகங்கள் வந்தன. யார் உட்கார்ந்து படிக்கப் போகிறார்கள் என்று சர்வேயர் நினைத்திருப்பார்.

ஒன்பது நாள் படித்தாள். அலுவலகத்தில், சாக்கு நாற்றத்துக்கு நடுவில், வரிக்குக் கீழே அளவுகோல் வைத்து. சர்வேயர்கள் மட்டப் புத்தகத்தில் ரப்பரால் அழிக்கக் கூடாது. அந்தத் தொழிலில் முதல் நாளே கையில் அடித்துச் சொல்லிக் கொடுப்பார்கள்: தப்பான எண்ணை ஒற்றைக் கோட்டால் அடி, அடியில் இருப்பது படிக்கிற மாதிரி இருக்க வேண்டும், பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போடு. திருட்டுத்தனம் செய்பவன்கூட அந்தப் பழக்கத்தை விடமாட்டான்; கை தானாகச் செய்துவிடும்.

பதினான்காம் புத்தகம், நாற்பத்து மூன்றாம் பக்கம். பாறையிலிருந்து கேன்டீன் படிவரை மட்டம் எடுத்த கணக்கு. யாரோ சந்தேகப்பட்டு ஒரு நாள் முழு தூரமும் நடந்திருக்கிறார்கள். படி, முன்பிருந்ததைவிட நானூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர் கீழே. அந்த எண்ணின்மேல் ஸ்கேல் வைத்துப் போட்ட ஒற்றைக் கோடு. பக்கத்தில் 'மறு அளவு தேவை'. சர்வேயரின் கையெழுத்து. தேதி. மறு அளவு அதற்குப் பிறகு எந்தப் புத்தகத்திலும் இல்லை.

தேதியை அவள் இரண்டாம் முறை பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இருந்தும் பார்த்தாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"அக்கா, அவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

அந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தம் நின்றது. "எப்போ?"

"நம்ம வீட்டுக்கு வர்றதுக்கு ஒன்பது நாள் முன்னாடி."

"அப்போ அப்பாவைப் பார்த்து ரசமட்டம்னு சொன்னானே..."

"தெரிஞ்சுதான் சொன்னான்."

பெரியவள் வாடிக்கையாளரிடம்கூடக் குரல் உயர்த்தாதவள். "அவனைச் சும்மா விடாதடி" என்றாள். அப்போதும் குரல் உயரவில்லை.

மட்டக் கருவியைத் தான் தொடக்கூடாது என்று சின்னவள் முடிவு செய்தாள். சாலைத் துறைக்கு எழுதி, இந்தச் சுரங்கத்தோடும் அந்தத் தெருக்களோடும் ஒட்டோ உறவோ இல்லாத ஒரு பெண் சர்வேயரை வரவழைத்தாள். வந்தவள் சூயிங்கம் மெல்லுகிறவள். யாருக்கும் வணக்கம் சொல்லாதவள். இன்னொரு கடிதம் சுரங்கத்துச் சர்வேயருக்குப் போனது: பாறையிலிருந்து படிவரை ஒவ்வொரு நிறுத்தத்திலும் தாங்கள் உடனிருந்து, அளவைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

காலை ஒன்பது மணிக்கு அவர் ஜீப்பில் வந்தார்.

"ஜீப் இங்கேயே இருக்கட்டும் சார். பாதை நடக்கற பாதைதான்."

"மேடம், எனக்கு முழங்கால்..."

"மெதுவாப் போவோம். அவசரமே இல்ல."

இருபத்திரண்டு நிறுத்தம். ஒவ்வொன்றிலும் கருவியை நிறுத்தி, முன்னாலும் பின்னாலும் கோலைப் பிடித்து, எண்ணைப் படித்து, சர்வேயர் கையெழுத்துப் போட்டு, மறுபடி எழுபது மீட்டர். வெயில் ஏறியது. முள் சட்டையைப் பிடித்தது. சாலைத் துறைப் பெண் ஒருமுறை திரும்பிப் பார்த்து, "சார், முப்பது வருஷமா இங்க வேலை பார்க்குறீங்க, இந்தப் பாதையில நடந்ததே இல்லையா? ஒத்தையடித் தடம்கூட இல்லயே" என்றாள். அவர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார்.

கேன்டீன் படியை அடைந்தபோது மணி ஒன்று. "ஒரு டீ சொல்லவா?" என்றார்.

"முடிச்சிட்டுக் குடிக்கலாம் சார். திரும்பப் பாறைக்குப் போய் மூடிப் பார்க்கணும். போன கணக்கும் வந்த கணக்கும் ஒத்து வரணும்ல, உங்களுக்குத் தெரியாததா?"

அவர் அவளைப் பார்த்தார். அப்போதுதான் முதல்முறையாகச் சரியாகப் பார்த்தார். பிறகு பாறைப் பக்கம் திரும்பி நடந்தார். அவர் முன்னால் நொண்டி நொண்டிப் போவதைப் பின்னாலிருந்து பார்த்தபடியே அவள் மூன்றரை மணி நேரம் நடந்தாள். அவளுக்குக் கால் வலிக்கவே இல்லை.

போனதும் வந்ததும் மூன்று மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போனது. படி அறுநூற்று ஐம்பத்தைந்து மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. ஆக, வாய்க்கால் முனை குட்டையைவிட அரை மீட்டர் உயரம் என்று நினைத்தது, உண்மையில் பதினைந்து சென்டிமீட்டருக்கு மேல் தாழ்வு. பெருமழை வந்தால் சுரங்கத் தண்ணீர் வாய்க்கால் வழியாகத் திரும்பி ஏறி, பூங்கா முழுக்க நின்று, கீழே இன்னும் ஆட்கள் குடியிருக்கும் தெருவின் கிணறுகளுக்குள் இறங்கும். பாறையருகே நின்ற ஜீப்பில் ஏறி மூவரும் சுரங்கத்துக்குத் திரும்பினார்கள்.

கேன்டீன் ஹாலில் நாற்காலிகளைக் கவிழ்த்து அடுக்கியிருந்தார்கள். சாலைத் துறைப் பெண் வெளியே மரத்தடிக்குப் போய்விட்டாள். சின்னவள் இரண்டு நாற்காலியைக் கீழே இறக்கிப்போட்டு, பதினான்காம் புத்தகத்தைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள்.

"இது உங்க கையெழுத்தா சார்?"

அவர் பக்கத்தைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். "நீங்க அந்தக் கொத்தனார் வீட்டுப் பொண்ணு."

"இது ஆய்வு. கேள்வி நான் கேட்கறேன்."

"கண்ணு அவர் கண்ணு மாதிரியே இருக்கு. இத்தனை நாளா தோணாமப் போச்சு."

"கையெழுத்து யாருது சார்?"

"என்னுதுதான்." நாற்காலியில் சரிந்தார். "நான் மறு அளவு எடுக்கணும்னுதான் எழுதினேன். கம்பெனி வேணாம்னுச்சு. எடுத்தா நாற்பத்தாறு வீட்டுக்கும் பதில் சொல்லணும். எனக்கு ரெண்டு குழந்தைங்க அப்போ."

"எங்க அப்பாவுக்கும் ரெண்டு."

"அவரைத் திட்டணும்னு நான் வரல. நாலு பேருக்கு முன்னாடி கேள்வி கேட்டுட்டாரு. எனக்கு பதில் தெரியும், சொல்ல முடியல. அந்த ஆத்திரத்துல வாயில வந்துடுச்சு." குரலைத் தாழ்த்தினார். "வாய்க்காலை நான் மாத்தி வெட்டித் தர்றேன். ஒரே மாசம். நீங்க சொல்ற மாதிரி. இந்தப் பக்கத்தை மட்டும் இணைக்காதீங்க. ஓய்வு பெறப்போற நேரம். பழசைக் கிளறி யாருக்கு என்ன லாபம்?"

"தெரிஞ்சே எழுதினேன்னு எழுதிக் குடுங்க."

"அது முடியாது."

"அப்போ என்னாலயும் முடியாது" என்று புத்தகத்தை மூடினாள்.

அறிக்கை அறுபது பக்கம். நூற்றுக்கு எண்பத்தேழு கன்று பிழைத்ததையும் அதில் எழுதினாள். மேல்மண் சரியாக இருந்ததையும் எழுதினாள். நல்லதை மறைத்தாள் என்று ஒருவரும் சொல்லக்கூடாது. கம்பெனி வக்கீல், ஆய்வாளர் பாதிக்கப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தவர் என்று குதித்தார். மேலதிகாரி அவள் முதல் நாளே எழுதிக் கொடுத்த தாளையும், கருவி வேறு துறையின் கையில் இருந்ததையும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் சர்வேயரே போட்ட நாற்பத்து நான்கு கையெழுத்தையும் மேஜைமேல் பரப்பினார். ஆட்சேபம் அங்கேயே செத்தது. முடிவுச் சான்று மறுக்கப்பட்டது. மழைக்கு முன் வாய்க்காலைத் தோண்டி மாற்ற உத்தரவு போனது. பூங்கா திறப்பு நின்றது. பெயர் வெட்டத் தயாராக இருந்த கல் லாரியில் வந்தபடியே திரும்பிப் போனது. நாற்பத்தாறு வீட்டுப் படிவங்களையும் திருத்த வேண்டும், முதலில் கையெழுத்திட்டவரே மக்கள் கூட்டத்தில் திருத்தத்தைப் படிக்க வேண்டும் என்றும் உத்தரவானது.

ஆனால் ஒன்றில் அவள் தோற்றாள். அடித்துவிட்டு 'மறு அளவு தேவை' என்று எழுதியது சந்தேகத்தைத்தான் காட்டுகிறது, தெரிந்தே மறைத்ததைக் காட்டவில்லை என்று வக்கீல் வாதாடினார். கேன்டீன் ஹாலில் அவர் ஒப்புக்கொண்டதைக் கேட்ட மூன்றாவது ஆள் இல்லை. படிக்க வேண்டிய வாசகம் கடைசியில் இப்படி முடிவானது: 'அளவுப் பிழையின் காரணமாகத் தவறான முடிவு எழுதப்பட்டது, வீட்டைக் கட்டியவர் மீது குறையில்லை.' பிழை. அந்த ஒரு சொல்லோடு சின்னவள் நான்கு நாள் சாப்பிடாமல் அல்லாடினாள்.

பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். மூன்று தெருக்காரர்களும் எங்கெங்கோ சிதறிப் போனவர்கள். நூற்றுக்கு மேல் வந்திருந்தார்கள். மேடையில் கூட்டத் தலைவர், சர்வேயர், வக்கீல், ஓரத்தில் சின்னவள். அம்மாவும் பெரியவளும் இரண்டாம் வரிசையில். சர்வேயர் ஒவ்வொரு வீடாகப் படித்தார். முப்பதாம் வீடுவரை குரல் ஒரே சீராக இருந்தது. முப்பத்தொன்றாவது கொத்தனார் வீடு. அதை வேகமாகப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பினார்.

"கேக்கல" என்றாள் அம்மா. மூன்றாம் வீட்டுக் குழாய் சொட்டுவது கேட்கிற காது அவளுக்கு.

அவர் மறுபடி படித்தார்.

"இன்னும் கேக்கல."

பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. இந்த முறை சிரிப்பு வேறு பக்கம் திரும்பியிருந்தது. அவர் மூன்றாம் முறை, கொஞ்சம் உரக்க, படித்து முடித்தார். அம்மா எழுந்து நின்றாள்.

"பிழைன்னா தெரியாம நடக்கறதுங்க. என் பாத்திரம் கை தவறி விழுந்தா பிழை. அன்னைக்கு எங்க வீட்டு வாசல்ல நின்னு, நாலு பேர் சிரிக்க, என் வீட்டுக்காரருக்கு ரசமட்டம் பிடிக்கத் தெரியலன்னு சொன்னீங்க. அப்போ தரை இறங்குனது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? ஒரு வார்த்தைல சொல்லிட்டு அடுத்த வீட்டுக்குப் போங்க."

"இது வாசகத்தில் இல்லை" என்று வக்கீல் எழுந்தார்.

"உங்களை யாரு கேட்டது தம்பி, உட்காருங்க." இது நான்காம் வரிசையிலிருந்து, அப்பா கட்டிய வீட்டில் இருந்துகொண்டு அன்று சிரித்த ஒரு கிழவர்.

ஹாலில் ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். யாரும் கத்தவில்லை, நின்றார்கள், அவ்வளவுதான். கூட்டத் தலைவர் சின்னவள் பக்கம் சாய்ந்து, "உங்க அம்மாதானே, கொஞ்சம் உட்காரச் சொல்லுங்க மேடம்" என்று கிசுகிசுத்தார்.

சின்னவள் அம்மாவைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, மைக்கை சர்வேயரின் வாய்க்கு நேராக இழுத்து வைத்தாள்.

அவர் தாளைப் பார்த்தார். தாளில் ஒன்றும் இல்லை. நூறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"தெரியும்" என்றார்.

மைக் அதைக் கடைசிவரிசைவரை கொண்டுபோனது. அம்மா உடனே உட்காரவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்தச் சொல் எல்லார் காதிலும் விழுந்து முடியட்டும் என்பதுபோல் ஹாலை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இப்போ கேட்டுச்சு" என்று சொல்லி உட்கார்ந்தாள்.

சின்னவள் பேனாவைத் திறந்து, அந்த ஒரு சொல்லை, நேரத்தோடு, கூட்டக் குறிப்பில் எழுதினாள்.